தூணில்லாப் படிக்கட்டை நேரில் கண்டவர்

கடல் கடந்தவர்கள், மலையேறியவர்கள், பாலைவனத்தைக் குறுக்கே நடந்து கடந்தவர்கள் என்று வரலாறு பலரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், நமக்கென்ன. ஆனால் அவர்கள் அத்தனை பேரிடமும் ஒரு பொதுக்குறை உண்டு. அவர்கள் அந்த இடங்களுக்குப் போனார்கள். போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். போகாமலே பார்த்துவிடும் வல்லமை வாய்த்த ஒரே பயணி, நகராட்சிக் கட்டட அனுமதிப் பிரிவின் ஆய்வாளர் மட்டும்தான். அலுவலகத்தில் அவருக்கு 'ரசிகர்' என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

ரசிகர் என்றால் சினிமா ரசிகர் இல்லை, கட்டட ரசிகர். ஒரு வளைவின் படத்தைக் காட்டினால் அது எந்த நூற்றாண்டில் எந்த நாட்டில் முதுகை வளைத்தது என்று சொல்லிவிடுவார். தூணின் தலையைப் பார்த்தே அதன் பரம்பரையைப் பிட்டுப் பிட்டு வைப்பார். அவர் வீட்டு அலமாரியில் துணிக்கு ஒரு தட்டு, கட்டடப் புத்தகங்களுக்கு நான்கு தட்டு. கல்யாணமான புதிதில் மனைவி ஒருநாள் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இந்த மாளிகையெல்லாம் நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். "எல்லாமே எனக்குத் தெரியும்" என்று ரசிகர் பதில் சொன்னார். கேள்வி ஒரு பக்கமும் பதில் ஒரு பக்கமும் போனதை மனைவி அன்றைக்கே கவனித்துவிட்டார். அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் நம்புகிற வேலை இல்லை அது.

ரசிகரின் வாழ்நாள் கனவு, தொலைதூரத்தில் உள்ள ஒரு குளிர் நகரம். அந்த நகரத்தின் நடுவில் ஒரு பழைய நூலகம். அந்த நூலகத்துக்குள் ஒரு படிக்கட்டு. நான்கு மாடி உயரத்துக்குச் சுழன்று சுழன்று ஏறும். தாங்குவதற்கு ஒரு தூண்கூடக் கிடையாது. கட்டியவர் என்ன மாயம் செய்தார் என்று நூறு வருடமாகப் பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இருபத்தேழு வருடம் நகராட்சிக்கு உழைத்த ரசிகர், இந்தக் குளிர்காலத்தில் ஐந்து நாள் விடுப்புப் போட்டு, தன்னந்தனியாகப் போய் அந்தத் தூணில்லாப் படிக்கட்டைப் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தார். வீட்டில் இது விவாதத்துக்கு வைக்கப்பட்டது.

"குளிர்காலத்துல எதுக்குங்க போறீங்க? எல்லாரும் வெயில் அடிக்கும்போதுதானே போவாங்க," என்றார் மனைவி.

"அவங்க ஊர் சுத்தப் போறவங்க. நான் கட்டடம் பார்க்கப் போறவன். குளிர்காலத்துல மரத்துல இலை இருக்காது. கட்டடத்தோட முகம் முழுசா தெரியும். சூரியன் தாழ்வா வரும். செதுக்கு வேலையில நிழல் நீளமா விழும்."

"ஜலதோஷம்?"

"அதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன்."

உண்மைதான். திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தில், 'உடல்நலம்' என்ற தலைப்பின் கீழ், மூன்றாம் நாள் மாலை நான்கு மணி முதல் நாலரை வரை தும்மலுக்கு நேரம் விடப்பட்டிருந்தது.

"சரி, ஏன் தனியா?"

"கூட வர்றவங்க ஒரு தூண் முன்னால மூணு நிமிஷத்துக்கு மேல நிக்கமாட்டாங்க. நாலாவது நிமிஷம் 'எங்க சாப்பிடறது'ன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

"நான் ரெண்டாவது நிமிஷமே ஆரம்பிச்சிடுவேன்," என்று மனைவி நேர்மையாக ஒப்புக்கொண்டு, கம்பளிக் குல்லாயை எடுத்துப் பெட்டியில் வைத்தார். விவாதம் சுமுகமாக நிறைவுற்றது.

ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. கணுக்கால் வரை தொங்கும் ஒரு கோட்டு, கழுத்துக்குச் சால்வை, தொலைநோக்கி, அளவு நாடா, பெட்டி வாய் பிளந்துவிடாமல் கட்ட நாலு தோல் வார் எல்லாம் வந்து சேர்ந்தன. ரசிகரின் ஊரில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை நான்கிலிருந்து மூன்றுக்குக் குறைப்பதுதான். ஆகவே கோட்டைப் போட்டு ஒத்திகை பார்த்தபோது அவர் வியர்த்து விறுவிறுத்துப் போனார். அதையும் திட்டத்தில் குறித்துக்கொண்டார்.

இங்கே ரசிகரின் நிர்வாக மேதைமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் நன்றிகெட்டவர்கள் ஆவோம். மற்ற ஊர்களில் கட்டட ஆய்வாளர்கள் முதலில் கட்டடத்தைப் போய்ப் பார்க்கிறார்கள், பிறகு அறிக்கை எழுதுகிறார்கள். இது பழங்கால முறை. வழியில் நாய் துரத்துகிறது, மழை பிடித்துக்கொள்கிறது, பஸ் கிடைப்பதில்லை. இவ்வளவு அல்லாடிவிட்டு வந்து என்ன எழுதுகிறார்கள்? 'நேரில் சென்று பார்வையிட்டேன். வரைபடத்தின்படி உள்ளது. பின்புறப் படிக்கட்டு நான்கடி அகலம். கைப்பிடி உறுதியாக உள்ளது. நேரில் கண்டேன்.' எல்லா அறிக்கையும் இதேதான். எப்படியும் இதைத்தான் எழுதப்போகிறோம் என்றால் நாயிடம் ஏன் கடிபட வேண்டும்? முதலில் அறிக்கை எழுதிவிடுவது, நேரம் கிடைத்தால் பிறகு போய்ப் பார்த்துக்கொள்வது. இதுதான் ரசிகர் கண்டுபிடித்த 'முன்னறிக்கை முறை'.

நேரம் கிடைத்ததே இல்லை. ஆனால் அவர் மேசையில் நிலுவைக் கோப்பு தங்கியதும் இல்லை. இதைப் பாராட்டி நகராட்சி அவருக்கு ஒரு நற்சான்றிதழ் வழங்கி, அதைக் கூட்ட அறைச் சுவரிலேயே மாட்டியது. அந்தச் சுவரில் ஏற்கெனவே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருந்ததால், அதற்குத் தோதாகச் சான்றிதழுக்கு உயரமான சட்டம் போட்டார்கள்.

அவர் நேர்மையைப் பற்றியும் யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. இருபத்தேழு வருடத்தில் எந்தக் கட்டடக்காரரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. போனால்தானே டீ கொடுப்பார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால் அதற்கும் அவரிடம் ரசனை சார்ந்த பதில் இருந்தது. "நம்ம ஊர்ல கட்டறதெல்லாம் கட்டடமா? பெட்டி. பெட்டியில பார்க்க என்ன இருக்கு?"

இப்பேர்ப்பட்டவர் தன் சொந்தப் பயணத்தை மட்டும் பழங்கால முறையில் நடத்துவாரா? ஆய்வாளர் சங்கத்தின் மாதப் பத்திரிகை அவரிடம் பயணக் கட்டுரை கேட்டிருந்தது. அதைப் போவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவது என்று உட்கார்ந்தார். 'பனி என் இமைகளில் விழுந்தது' என்று தொடங்கி வீட்டு மின்விசிறிக்கடியில் பதினொரு பக்கம் எழுதினார். அலுவலகத்துக்கும் எடுத்துப்போய் எழுதினார். எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. அவ்வளவு தத்ரூபம்.

வியாழக்கிழமை விடுப்பு விண்ணப்பத்தோடு கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"தாராளமா போயிட்டு வாங்க," என்றார் கண்காணிப்பாளர். "ஒரே ஒரு விஷயம். நிலுவைக் கோப்பு இருந்தா விடுப்பு கிடையாதுன்னு புது உத்தரவு. உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"இன்னிக்குக் காலையில வந்தது பதினாலு சார்."

"கிளம்பறது எப்போ?"

"திங்கட்கிழமை சாயங்காலம் ஃப்ளைட்."

"பதினாலு கட்டடம். எப்ப முடிப்பீங்க?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன் சார்."

"அவ்வளவு வேகமாவா போயிட்டு வருவீங்க?"

"போயிட்டு வந்தா முடியாது சார்."

இந்தப் பதிலின் ஆழத்தை உணர்ந்து கண்காணிப்பாளர் மெல்லத் தலையசைத்தார்.

அன்று பிற்பகல் ரசிகரின் மேசையில் ஒரு பக்கம் பதினாலு கோப்பு, மறுபக்கம் பயணக் கட்டுரை. ஒரு அறிக்கை முடிந்ததும் இளைப்பாறக் கட்டுரையில் நாலு வரி, மறுபடி ஒரு அறிக்கை என்று பேனா ஓடியது. பதினோராவது கோப்பை எடுத்தபோது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. அது செவிலியர் பயிற்சிப் பள்ளியின் புதிய ஐந்து மாடி விடுதி. ரசிகரின் ஒரே மகள் அங்கேதான் பயிற்சி பெறுகிறாள். பயிற்சி மாணவிகள் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. சான்று கிடைத்ததும் சனிக்கிழமை நூற்றிருபது பெண்கள் குடியேறுவதாக ஏற்பாடு. பெற்ற பாசம் சும்மா விடுமா? மற்றக் கட்டடங்களுக்குத் தலா நான்கு நிமிடம் ஒதுக்கிய ரசிகர், இந்தக் கட்டடத்துக்கு ஆறு நிமிடம் ஒதுக்கினார்.

வெள்ளிக்கிழமை அந்த அறிக்கையில் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார், பொறியாளர் கையெழுத்திட்டார், ஆணையர் கையெழுத்திட்டார். சான்று போனது. விடுப்பு வந்தது. கட்டுரை பத்திரிகைக்குப் போனது.

சனிக்கிழமை பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"கட்டுரை பிரமாதம் சார். அதுலயும் அந்தத் தூணில்லாப் படிக்கட்டைப் பத்தி எழுதியிருக்கீங்களே, நாலே வரி, நான் ஆடிப்போயிட்டேன். வேற யாராவதா இருந்தா பக்கம் பக்கமா உருகியிருப்பாங்க. நீங்க 'நான்கடி அகலம், கைப்பிடி உறுதி'ன்னு நிறுத்திட்டீங்க. அந்த அடக்கம் எத்தனை பேருக்கு வரும்?"

தான் பக்கம் பக்கமாக உருகித்தான் எழுதினோம் என்று ரசிகருக்கு மங்கலாக ஒரு ஞாபகம். ஆனால் பாராட்டு வரும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. நன்றி சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போன் செய்தாள்.

"அப்பா, நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். எங்க நாலாவது மாடியில வராந்தா கடைசியில ஒரு கதவு இருக்கு. மேல 'அவசர வழி'ன்னு பச்சை விளக்கு எரியுது."

"ஆமாம்மா. பின்புறப் படிக்கட்டு. நான்கடி அகலம்."

"அதைத் திறந்தா பக்கத்து வீட்டு மொட்டைமாடியில துணி காயறது கீழ தெரியுதுப்பா."

"நல்ல காட்சிதானே."

"அந்தத் துணிக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்னா ஒண்ணும். படி இல்ல, பலகை இல்ல, கம்பி இல்ல. காலையில அரைத்தூக்கத்துல பாத்ரூம்னு நினைச்சுத் திறந்துட்டேன். ஒரு காலை வெளிய எடுத்து வெச்சுட்டேன். ரூம்ல இருக்கிறவ பின்னாலேர்ந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தா."

ரசிகர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிய பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு மகளின் குரல் முழுவதும் கேட்டிருந்தது.

"அந்தக் கட்டடத்துக்குச் சான்று எழுதினது யாரு?"

"நான்தான்."

"பார்த்தீங்களா?"

கல்யாணமான புதிதில் கேட்ட அதே கேள்விதான். எல்லாமே எனக்குத் தெரியும் என்று இந்தமுறை அவரால் சொல்ல முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். போகிற அவசரத்தில் கையில் கிடைத்த தொலைநோக்கியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டார்.

விடுதி, வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. அலுவலகத்திலிருந்து பத்தே நிமிடம். பின்பக்கச் சந்தில் நின்று ரசிகர் நிமிர்ந்து பார்த்தார். இலை அடர்ந்த மரம் எதுவும் மறைக்காமல், தாழ்வான காலை வெயிலில், கட்டடத்தின் முதுகு முழுசாகத் தெரிந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு மாடிக்கு நான்கு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் கீழே சுவரிலிருந்து இரண்டு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டை மாட்ட விட்டு வைத்தவை. ஒரு கம்பியில் காக்கை உட்கார்ந்திருந்தது. அந்தப் படிக்கட்டால் இதுவரை பயனடைந்த ஒரே உயிர் அதுதான். தொலைநோக்கி தேவைப்படவில்லை. அளவெடுக்கவும் ஒன்றும் இல்லை.

நாலாவது மாடிக் கதவு திறந்தது. மகள் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அப்பா, தெரியுதா?"

"உள்ள போம்மா," என்றார். "கதவைப் பிடிச்சுக்கோ. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ."

விடுதிக் காப்பாளர் அம்மா சாவிக்கொத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"கதவு வரைபடத்துல இருந்துச்சு, வெச்சுட்டாங்க சார். படி அப்புறம் வரும்னாங்க."

"கதவைப் பூட்டியாவது வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

"அவசர வழியை எக்காரணம் கொண்டும் பூட்டக்கூடாதுன்னு உங்க நகராட்சித் தாள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. விதியை மீற முடியுங்களா? அதுவும் இல்லாம, ஒரு அதிகாரி நேர்ல வந்து பார்த்து படிக்கட்டு இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டார்னு சொன்னாங்க. அவ்வளவு படிச்சவர் பொய்யா எழுதுவார்? எனக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு நேத்து சாயங்காலம் பூரா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன்."

ரசிகர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டிக்கு வாங்கிய நாலு தோல் வாரையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். காப்பாளர் அம்மா மாடி மாடியாக ஏறி நாலு கதவையும் இழுத்துக் கட்டினார். மகள் கீழே இறங்கி வந்தாள்.

"சரிப்பா, இனிமே யாரும் விழமாட்டோம். தீப்பிடிச்சா எப்படி இறங்கறது?"

ரசிகர் யோசித்தார். யோசித்து ஒரு தகப்பன் சொல்லக்கூடியதைச் சொன்னார்.

"நீ வீட்டுக்கு வந்துடு."

"நான் வந்துடறேன். மத்த நூத்திப்பத்தொன்பது பேர் எங்க போவாங்க? அவங்க அப்பாங்க யாரும் ஆய்வாளர் இல்லையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ரசிகருக்கு அவமானமாக இருந்தது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் வேண்டுகோளின் பேரில் கூட்ட அறையில் அவசரக் கூட்டம் கூடியது. ஆணையர் நடுவில், பொறியாளர் வலப்பக்கம், கண்காணிப்பாளர் இடப்பக்கம். அவர்கள் தலைக்குப் பின்னால் சுவரில் உயரமான சட்டத்துக்குள் ரசிகரின் நற்சான்றிதழ். ரசிகர் எதிரே நின்று, படிக்கட்டு இல்லை என்ற செய்தியை ஒருவாறு சொல்லி முடித்தார்.

"அறிக்கையில என்ன எழுதியிருக்கு?" என்றார் ஆணையர். "படிங்க."

அந்த அலுவலகத்தில் கையெழுத்தான ஒரு அறிக்கை வாய்விட்டுப் படிக்கப்படுவது அதுவே முதல்முறை. கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"'தாங்குவதற்கு ஒரு தூணும் இல்லை. ஒரு சுவரும் இல்லை. அந்தரத்தில் நிற்கும் இந்தப் படிக்கட்டைக் கண்டு மெய்ம்மறந்தேன். இதில் கால் வைப்பவர் வானத்தில் கால் வைக்கிறார். அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பார்ப்பவர் கண்ணுக்கு, கட்டியவரின் கை எங்கேயும் தென்படவில்லை.'"

ரசிகருக்கு அப்போதுதான் விளங்கியது. வியாழக்கிழமை மேசையில் தாள் மாறிவிட்டது. பயணக் கட்டுரையின் படிக்கட்டுப் பக்கம் விடுதிக் கோப்புக்குள் போய்விட்டது. விடுதிக்கு எழுதிய நாலு வரி பத்திரிகைக்குப் போய்விட்டது. இருபத்தேழு வருடத்தில் அவர் கொடுத்த ஒரே உண்மையான அறிக்கை அது. அதையும் தவறுதலாகத்தான் கொடுத்திருந்தார். மூன்று பேர் அதைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்திருந்தார்கள்.

முதலில் தெளிந்தவர் ஆணையர்.

"இதைவிடத் தெளிவா ஒருத்தர் எழுத முடியுமா? படிக்கட்டு இல்லைன்னு அழகா சொல்லியிருக்கார்."

"'கட்டியவரின் கை எங்கேயும் தென்படவில்லை'," என்றார் பொறியாளர். "தொழில்நுட்ப ரீதியா ரொம்பச் சரி சார்."

"அவர் உள்ளதை எழுதினார். நாம உள்ளபடி ஏத்துக்கிட்டோம். யார் மேலயும் தப்பில்ல," என்று ஆணையர் கோப்பை மூடினார். "சாயங்காலம் ஃப்ளைட்னு சொன்னீங்க இல்ல? கிளம்புங்க. சந்தோஷமா போயிட்டு வாங்க."

"பொண்ணுங்க, சார்?"

"எந்தப் பொண்ணுங்க?"

"விடுதியில இருக்கிறவங்க."

"அது வேற பொருள். தனிக் கோப்பு போடணும். நீங்க ஊர்லேர்ந்து வந்ததும் நேர்ல போய்ப் பார்த்து ஒரு அறிக்கை குடுங்க."

சொல்லப்போனால் ரசிகர் தப்பித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு வெளியே நடந்தால் போதும். பெட்டி தயார், விடுப்பு தயார், சாயங்காலம் ஃப்ளைட். ஒரு நிமிடம் அவருக்குச் சபலம் தட்டியது, அதை மறைப்பானேன். நூறு வருடப் படிக்கட்டு கண்முன்னால் சுழன்று சுழன்று ஏறியது. அதன் கடைசிப் படியில் அரைத்தூக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

"நான் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலை சார்," என்றார் ரசிகர்.

"இப்பதானே படிச்சோம்?"

"அது வேற படிக்கட்டு சார்."

"எந்தப் படிக்கட்டு?"

"நான் இன்னும் போகாத ஊர்ல இருக்கிற படிக்கட்டு. அதையும் நான் பார்க்கலை."

ஆணையர் பெருந்தன்மையானவர். "பரவாயில்ல விடுங்க. மனுஷன்னா ஒரு கட்டடம் விட்டுப்போறது சகஜம்."

"ஒண்ணு இல்ல சார்."

"எத்தனை?"

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு."

கண்காணிப்பாளர் பதறினார். "என்ன சொல்றீங்க? உங்க நிலுவை பூஜ்யமாச்சே."

"அதனாலதான் சார் பூஜ்யம்."

நாலாயிரத்துச் சொச்சம் கட்டடத்தில் குடியிருக்கும் மக்களை நினைத்து மூவரும் கலங்கினார்களா என்று கூட்டக் குறிப்பேட்டில் பதிவு இல்லை. ஆணையர் மட்டும் மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"நம்ம இந்த ஆபீஸ் கட்டடம்... எட்டு வருஷம் முன்னால குடிவந்தோமே, இதை யார் பார்த்தது?"

"முன்னறிக்கைதான் சார்."

பொறியாளர் எழுந்து, சுவரில் இருந்த நற்சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினார். பின்னால் விரிசல் இருந்தது. மாட்டியபோது நூல் போல இருந்தது, இப்போது விரல் போல இருந்தது. எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் பொறியாளர் தன் பென்சிலை உள்ளே விட்டார். பென்சில் போனது. திரும்பவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் தட்டச்சுப் பிரிவில் எதுவோ டக்கென்று விழுந்த சத்தம் கேட்டது.

"கூட்டத்தை வெளியில வெச்சுக்கலாமே," என்றார் பொறியாளர். "காத்தோட்டமா இருக்கும்."

இதைத் தீர்மானமாக முன்மொழியவும் வழிமொழியவும் நேரம் இருக்கவில்லை. பதவி வரிசைப்படி வெளியேறுவது அந்த அலுவலகத்தின் மரபு. அன்று வேகத்தின் வரிசைப்படி வெளியேறினார்கள். நான்கே நிமிடத்தில் அறுபத்துமூன்று ஊழியர்களும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். 'கூட்டம் வாசலில் தொடர்ந்தது' என்று குறிப்பேடு அமைதியாகச் சொல்கிறது.

"உடனே கட்டடத்தைக் காலிபண்ண ஒரு உத்தரவு எழுதுங்க," என்றார் ஆணையர் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மனுஷ உயிரு விஷயம்."

ஆணையரின் காருடைய முன்மூடியே மேசையாயிற்று. ரசிகர் எழுதினார். 'பொருள்: கட்டடங்களை உடனடியாகக் காலிசெய்தல். பாதுகாப்பற்ற கீழ்க்கண்ட கட்டடங்களிலிருந்து அனைவரும் இன்றே வெளியேற்றப்பட வேண்டும். ஒன்று, நகராட்சி அலுவலகம்.' அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். 'இரண்டு, செவிலியர் பயிற்சிப் பள்ளி விடுதி.' தாளை நீட்டினார்.

மூவரும் முதல் வரியைப் பார்த்தார்கள், கையெழுத்திட்டார்கள். இரண்டாவது வரியைப் பார்க்கிற வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

இரவு ஏழு மணிக்குள் நூற்றிருபது பெண்களும் படுக்கையும் பெட்டியுமாகப் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கட்டடத்தை ரசிகர் முன்கூட்டியே போய்ப் பார்த்து, முன்படி பின்படி இரண்டிலும் ஏறி இறங்கி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்திருந்தார். கைப்பிடி உறுதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அதை ஒரு தாளில் எழுதினார்.

"அப்பா, உங்க ஃப்ளைட்?" என்றாள் மகள்.

"போயிருக்கும்."

"வருத்தமா இருக்கா?"

"ரொம்ப," என்றார். பொய் சொல்ல அவருக்கு அன்று தெம்பில்லை.

மனைவி பக்கத்தில் நின்று பெண்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "கம்பளிக் குல்லாயைத் திரும்ப உள்ள வெச்சிடட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம், வெளியவே இருக்கட்டும்," என்றார் ரசிகர்.

விடுப்பு ஐந்து நாள் இன்னும் அப்படியே இருந்தது. அதை ரத்துசெய்து கடிதம் தட்டச்சு செய்யவேண்டிய அலுவலகத்துக்குள் நுழைய யாரும் தயாராக இல்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ரசிகர் திட்டமிட்டபடி கிளம்பினார். தனியாகத்தான் போனார். குளிர்காலம்தான். நகரம்தான். பார்க்கப்போனதும் கட்டடம்தான். கோட்டு மட்டும் புழுங்கும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டார். ஒரு கட்டடத்தின் முன்னால் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றார். எங்கே சாப்பிடுவது என்று யாரும் கேட்கவில்லை. முதல் நாள் ஏழு கட்டடம் பார்த்தார். அதில் இரண்டை நாய் காவல் காத்தது. காலில் கட்டு போட்டுக்கொண்டு மறுநாளும் கிளம்பினார். இன்னும் நாலாயிரத்து நூற்றைந்து பாக்கி இருக்கிறது. இந்த வேகத்தில் போனால் இன்னும் இரண்டு குளிர்காலம் தாண்டும் என்கிறார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பின்படிக்கட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால், யாரோ எவரோ என்று விரட்டிவிடாதீர்கள். உங்கள் கோப்பின்படி அவர் ஏற்கெனவே வந்து, பார்த்து, போய்விட்டார்.